பட்டியலை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வானத்தின் ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருள்களை, கணக்கெடுத்த வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கல்லூரி நூலகமொன்றில் முப்பது ஆண்டுகள் நூற்பட்டி தயாரித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலையை நான் உட்பட எவரும் கண்டுபிடிப்பு என்று சொன்னதில்லை. இருப்பதை வரிசைப்படுத்தி எண் கொடுப்பதுதானே பட்டியல்? தொலைநோக்கி கட்டியவர்களைப் பாராட்டுங்கள். பட்டியலிட்டதை ஏன் அறிவியல் சாதனை என்கிறீர்கள்? மேலும், கேம்பிரிட்ஜின் இரண்டாம் பட்டியலில் பெரும்பகுதி பிழை என்று வேறிடத்தில் படித்தேன். நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லையே?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாவது கேள்வி என் கட்டுரையின் குறையைச் சரியாகத் தொட்டுவிட்டது. கேம்பிரிட்ஜின் நான்கு பட்டியல்களையும் ஒரே மூச்சில் பாராட்டிச் சென்றது தவறு. அந்தப் பிழையை விளக்கினால் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மேசைக்கு வந்த ஒவ்வொரு நூலுக்கும் முன்னும் பின்னும் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒரு நூல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. ரேடியோ வானத்தில் அந்த வசதி கிடையாது. ஏரியல் ஒரு நேரத்தில் வானத்தின் ஒரு பரப்பு முழுவதிலிருந்தும் வரும் அலைகளைச் சேர்த்தே வாங்குகிறது. அந்தப் பரப்புக்குள் மங்கலான பல மூலங்கள் இருந்தால் அவை கலந்து, பதிவுத்தாளில் ஒற்றை மூலம்போல ஒரு மேட்டை வரையக்கூடும்.

1955இல் கேம்பிரிட்ஜ் வானியலாளர் மார்ட்டின் ரைலின் குழு 81.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எடுத்து வெளியிட்ட இரண்டாம் பட்டியலில் 1,936 மூலங்கள் இருந்தன. அதைக் கொண்டு ரைல் ஒரு பெரிய கேள்விக்கு விடை சொல்ல முற்பட்டார். மூலங்கள் வெளியெங்கும் சீராகப் பரவியிருந்தால், வலிமையின் கீழ்வரம்பைக் கால் பங்காகக் குறைக்கும்போது இரண்டு மடங்கு தொலைவுவரை பார்க்கிறோம். கன அளவு எட்டு மடங்காவதால் எண்ணிக்கையும் எட்டு மடங்காக வேண்டும். ரைலின் பட்டியலிலோ அது ஏறத்தாழ அறுபத்து நான்கு மடங்காக உயர்ந்தது. தொலைவில், அதாவது கடந்த காலத்தில், மூலங்கள் மிக அதிகமாக இருந்தன, ஆகவே பிரபஞ்சம் எக்காலத்திலும் ஒரேபோல் இருக்கிறது என்று ஃபிரெட் ஹாயில் முதலியோர் முன்வைத்த மாறாநிலைப் பிரபஞ்சக் கொள்கை செல்லாது என்று அவர் அறிவித்தார்.

சிட்னியில் பெர்னார்ட் மில்ஸ் சிலுவை வடிவ ஏரியலைக் கொண்டு அதே வானத்தின் ஒரு பகுதியை அளந்துகொண்டிருந்தார். 1957இல் அவரும் புரூஸ் ஸ்லீயும் இரு பட்டியல்களையும் அருகருகே வைத்தபோது பெரும்பாலான மூலங்கள் பொருந்தவில்லை. கேம்பிரிட்ஜ் பட்டியலின் மங்கலான பகுதியில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை, நான் மேலே சொன்ன கலப்பில் பிறந்த மேடுகள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. ரைலின் மாணவர் பீட்டர் ஷாயர், மேடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதை விட்டுவிட்டு, பதிவுக்கோடு எவ்வளவு உயரத்துக்கு எத்தனை முறை ஏறியிறங்குகிறது என்ற பரவலை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தகைய மூலக்கூட்டம் அப்படியொரு கோட்டை வரையும் என்று கணக்கிட்டார். அறுபத்து நான்கு என்பது பன்னிரண்டை ஒட்டி இறங்கியது. பிற்காலக் கணக்கெடுப்புகள் தந்த விடையும் அதுவே. எட்டைவிட அது அதிகம் என்பதால் மாறாநிலைக் கொள்கைக்கு எதிரான ரைலின் முடிவு பிழைத்துக்கொண்டது. ஆக, பதிவுகள் உண்மையாக இருந்தன, பட்டியல்தான் தவறாக இருந்தது. இருப்பதை அப்படியே எழுதிவைப்பது மட்டும்தான் பட்டியல் என்றால் இப்படி நேர்ந்திருக்க முடியாது. எதை ஒன்று என்று எண்ணுவது, எங்கே நிறுத்துவது என்ற தீர்ப்புகள் அதற்குள் இருக்கின்றன. அவை தொலைநோக்கி கட்டுவதற்குக் குறைந்த வேலை அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1959இல் வந்த மூன்றாம் பட்டியல் அலைவரிசையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, 471 மூலங்களோடு நின்றுகொண்டது. முந்தையதில் கால் பங்குகூட இல்லை. ஆனால் இன்றும் வானியலாளர்கள் அதன் எண்களைச் சொல்லித்தான் அந்த மூலங்களைக் குறிக்கிறார்கள். 1962இல் திருத்தியபோது இடையில் சேர்த்தவற்றுக்குப் பழைய எண்களை நகர்த்தாமல் தசம எண் கொடுத்தார்கள், மூன்றாம் கேம்பிரிட்ஜ் பட்டியலைக் குறிக்கும் ‘3சி’யோடு 3சி 390.3 என்ற பெயர் அப்படி வந்தது. நூற்பட்டியில் நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள்.

இந்த வரிசையின் 273ஆவது மூலத்தை 1962இல் நிலவு மறைத்தபோது, அலை நின்ற நொடியையும் மீண்ட நொடியையும் கொண்டு சிரில் ஹசார்ட் குழுவினர் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். அவ்விடத்தில் தெரிந்த விண்மீன்போன்ற புள்ளியின் செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு, தொலைவின் அடையாளம்) 0.158 என்று 1963இல் மார்ட்டன் ஷ்மிட் கண்டறிந்தார். விண்மீன்போலத் தெரிந்தாலும் மிகத் தொலைவிலிருந்து பேரொளி வீசும் குவாசர்கள் அறியப்பட்டது இவ்வாறுதான்.

இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரைகளைப் படித்த இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்புக்கு, நிலவு மறைப்பைக் கொண்டே நூற்றுக்கணக்கான மூலங்களின் அளவை அறியலாம் என்று தோன்றியதன் விளைவே ஊட்டி முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கி. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அதை, அவ்விடத்து அட்சரேகைக்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடத்தியிருக்கிறார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட, ஒரே அச்சில் சுழற்றி ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர முடிகிறது. நிலவின் விளிம்பைக் கத்திபோலப் பயன்படுத்தி அங்கே எடுத்த அளவுப்பட்டியல்களைக் கொண்டு, மங்கலான மூலங்கள் எந்த விகிதத்தில் சிறுத்துத் தெரிகின்றன என்று ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் காட்டினார்கள். ரைலின் முடிவுக்கு, எண்ணிக்கையைச் சாராத வேறொரு வழியில் வந்த ஆதரவு அது.

கடைசியாக ஒன்று. புனே அருகே கோடாடைச் சுற்றியுள்ள முப்பது ரேடியோ தொலைநோக்கித் தட்டுகளைக் கொண்டு 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த கணக்கெடுப்பின் பட்டியல் 2017இல் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 6.2 லட்சம் மூலங்கள் உள்ளன. இரைச்சலைப்போல் ஏழு மடங்கு வலிமை இல்லாத எதையும் அதில் சேர்க்கவில்லை. வரம்பைக் கீழே இறக்கியிருந்தால் பட்டியல் நீண்டிருக்கும். எது மூலம், எது இரைச்சல் என்று சொல்ல முடியாத வரிகளும் கூடியிருக்கும்.

கட்டுரையில் இரண்டாம் பட்டியல் பற்றிய பத்தியை நேற்றிரவு திருத்தி எழுதினேன். முன்பு விட்டுப்போன ஷாயரின் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.