கடையில் வாங்கிய கறுப்பு, வெள்ளைக் குட்டி மீன் எந்த இனம்?

விரல் நீளம், கறுப்பு உடம்பு, வெள்ளையும் ஆரஞ்சுமாக நெளிநெளியான கோடுகள், தலையில் வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஆஸ்கார் குட்டிதான். அறிவியல் பெயர் அஸ்ட்ரோனோட்டஸ் ஒசெல்லேட்டஸ். அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த, சிக்லிட் என்ற நன்னீர் மீன் குடும்பத்து மீன்.

பலரும் இதைச் செவெரம் என்ற இன்னொரு சிக்லிட்டின் குட்டியோடு குழப்பிக்கொள்கிறார்கள். செவெரத்துக்குக் கோடுகள் நேராக, மேலிருந்து கீழாக இறங்கும். ஆஸ்காருக்கு மேகம் கலைந்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வளர வளர அது முழுக்க மாறிவிடும். துடுப்பைப் பாருங்கள். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வால் பக்கம் வரும் இடத்தில், அடிப்பாகம் செதில் மூடித் தடிப்பாக, சதை போல இருக்கும். இரண்டும் வாலோடு சேர்ந்து ஒரே பெரிய விசிறி போலத் தெரியும். அப்புறம், கொஞ்சம் வளர்ந்ததும் வாலடியில் ஆரஞ்சு வளையத்துக்குள் ஒரு கரும்புள்ளி தெளியும். அச்சு அசல் கண்தான்! ஒசெல்லேட்டஸ் என்ற பெயரே அதனால் வந்தது. துடுப்பைக் கடிக்கும் பிரானாக்களை அந்தப் பொய்க்கண் ஏமாற்றும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தண்ணீர் மாற்றியதும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டால் உடனே பதறாதீர்கள். ஆஸ்கார் அப்படிக் கோபித்துக்கொள்வது வழக்கம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது 30 செ.மீ.க்கு மேலும் வளரும். இரண்டடித் தொட்டியில் வைத்து வதைக்காதீர்கள். கூடவே நியான் டெட்ரா போன்ற சின்னஞ்சிறு மீன்கள் இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள், வாய்க்குள் போகும் எதையும் இது விழுங்கிவிடும்.