வாசகர் கேள்வி பதில்: எல்லாம் இருக்கும் வீட்டுக்கு என்ன சீர் கொண்டு போவது?

தீபாவளி நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுமந்து வந்திருக்கின்றன. வசதியான உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனம் வருவதில்லை, எதை வாங்கிப் போனாலும் அது அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து கடிதங்களைத் தேர்ந்தெடுத்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சம்பந்தி வீட்டில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. சென்ற தீபாவளிக்கு வெள்ளி முலாம் பூசிய குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டு போய்க் கொடுத்தோம். ஆடி நோம்பிக்குப் போயிருந்தபோது அது பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் பரணில் இருந்ததைப் பார்த்து வருத்தமாகிவிட்டது. இந்த ஆண்டு அதைவிட விலை கூடியதாக வாங்க வேண்டுமா?
(ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: வேண்டாம், சகோதரி. விலையைக் கூட்டினால் பரணில் இன்னொரு பெட்டி சேரும், அவ்வளவுதான். அந்த விளக்கைப் பிரிக்காததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூசை அறையில் இரண்டு விளக்குகள் எரியும் வீட்டில் மூன்றாவது விளக்குக்கு இடமில்லை என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை.

நம் பக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்து போகும் பொங்கல் சீரில் என்னென்ன இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, காய்கறி, ஒரு சேலை. சேலையையும் பானையையும் தவிர மற்ற அனைத்தும் அந்த நோம்பியிலேயே சமைத்து, உண்டு, பகிர்ந்து தீர்ந்துவிடும். தீர்ந்துவிடுவதால்தான் அடுத்த ஆண்டு அதே சீருக்கு அந்த வீட்டில் மறுபடியும் இடம் இருந்தது. தீர்ந்துபோகும் பொருளின் இடத்தில் தங்கிவிடும் பொருளை நாம் வைக்கத் தொடங்கிய பிறகுதான் பரண்கள் நிறைந்தன. எல்லாம் இருக்கும் வீட்டுக்கும் நல்ல நெய் மாதந்தோறும் தேவைப்படுகிறது, அரிசி தேவைப்படுகிறது, மஞ்சள் தேவைப்படுகிறது.

இந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர். கோபியில் இருக்கும் உங்கள் கைக்கு எட்டும் பொருள்கள், எவ்வளவு பணம் இருந்தாலும் நகரத்துச் சம்பந்தியால் அதே தரத்தில் எளிதில் வாங்க முடியாதவை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் விளைந்து ஆறு மாதமாவது பழையதான நெல்லைத் தெரிந்த விவசாயியிடம் வாங்கி, அரைத்து இருபது கிலோ கொண்டு போகலாம். பழைய அரிசிச் சோறு குழையாது என்பதைச் சமைப்பவர் முதல் நாளே உணர்ந்துகொள்வார். கவுந்தப்பாடிச் சந்தைக்கு வரும் நாட்டுச் சர்க்கரையும் உங்களுக்குப் பக்கம்தான்.

மஞ்சளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பொடியாக அடைத்து விற்பதை வாங்காமல், நன்கு காய்ந்த விரலி மஞ்சளாக இரண்டு கிலோ வாங்குங்கள். ஒரு விரலியை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடம் உள்ளே வரை ஒரே நிறமாக இருக்க வேண்டும், வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். மிசினுக்குக் கொண்டு போய்க் கூடவே நின்று அரைத்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பிச் சூடு முழுவதும் ஆறவிட்ட பிறகே பாட்டிலில் போட வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியின் உள்பக்கம் வேர்த்துப் பொடி கட்டிப்போகும். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டிலைத் திறந்தவுடன் எழும் மணம் கடைப் பொடியில் வருவதில்லை.

நெய்யும் அப்படித்தான். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி, சிறு தீயில் உருக்கி, சடசடப்பு அடங்கி அடியில் கசடு பொன்னிறமாகும் நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கி வடிகட்டுங்கள். அதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, காய்ச்சிய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

தங்கும் பொருள் ஒன்றாவது வேண்டும் என்று மனம் கேட்டால், பவானி ஜமக்காளம் கொடுங்கள். விருந்தாளிகள் வந்து கூடத்தில் படுக்கும் நாள்களில் எந்தப் பெரிய வீட்டிலும் ஜமக்காளம் பற்றாமல்தான் போகும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பெயரில் விசைத்தறித் துணியும் விற்கப்படுவதால், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இயன்றால் பவானிக்கே போய்க் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். குழித்தறியில் தடித்த பருத்தி நூலால் நெய்த ஜமக்காளம் கையில் எடுத்தாலே கனமாக இருக்கும், விரித்தால் சுருளாமல் தரையோடு படிந்து கிடக்கும்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகள் வீட்டுக்குக் கொண்டு போவது மனமுவந்து செய்யும் சீராக இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. ஆண்டுக்கு ஆண்டு ஏற வேண்டிய கணக்காக அது மாறினால், சின்ன மகள் இருந்தால் அவள் திருமணத்திலும், ஊரில் உங்களைப் பார்த்துச் செய்யும் மற்றவர்களின் வீட்டிலும் அந்தச் சுமை இறங்கும். ஆகவே இந்த ஆண்டு எதைச் செய்கிறீர்களோ அதையே, அளவு மாறாமல், அடுத்த ஆண்டும் செய்யுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் போனால் “கோபி நெய் வந்துவிட்டதா?” என்று அவர்களே எதிர்பார்ப்பார்கள்.

கேள்வி: என் பெரியப்பாவுக்கு 80 வயது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஒவ்வொரு பொங்கலுக்கும் என்ன வேண்டும் என்று கேட்டால், “எனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்” என்பார். வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்.
(ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: எனக்கும் இப்படி ஒரு சின்னம்மா இருந்தார். கொடுமுடிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அவருக்கு ஒரு தீபாவளிக்குப் புது மிக்ஸி வாங்கிப் போனேன். முகம் மலரவில்லை. சாப்பிட்டு முடித்து நான் கிளம்பும் நேரத்தில், அம்மாவின் பித்தளை அண்டாவில் ஈயம் போய்விட்டது, பூசுகிறவர் யாரும் இப்போது வருவதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஈயம் போன பித்தளையில் புளி சேர்ந்த எதையும் வைக்க முடியாது, களிம்பேறிவிடும். அதனால் அது பல ஆண்டுகளாகக் கவிழ்த்தே கிடந்திருக்கிறது.

தேடி விசாரித்து ஒருவரை அழைத்துப் போனேன். அவர் வாசலில் குழி தோண்டிக் கரி மூட்டி, அண்டாவைப் பழுக்கச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவினார். வெண்புகை எழுந்த கணத்திலேயே ஈயக்கட்டியை உள்ளே இழுத்துப் பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றித் துடைத்தார். கறுத்துக் கிடந்த உட்புறம் நிலவொளி பட்டது போல வெளுத்தது. சின்னம்மா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, அண்டா ஆறும் முன்பே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மிக்ஸியை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அந்த அண்டாவில்தான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார்.

ஆகவே பெரியப்பாவிடம் என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். அரை நாள் அந்த வீட்டில் இருந்து, எது ஓடாமல் நிற்கிறது, எது உடைந்து கிடக்கிறது என்று பாருங்கள். நின்றுபோன கைக்கடிகாரம், கயிறு தளர்ந்த கட்டில், தாழ் விழாத கதவு, காலைத் தடுக்கும் வாசற்படி ஆகியவற்றைச் சரிசெய்து கொடுப்பது அந்த வயதில் வேட்டியைவிடப் பெரிய உதவி.

மற்றொன்று, சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம், மேல்தோல் கிழிந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்ய முடியும். பெரிய அளவில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று அவரிடம் கேட்டு, பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும். அப்போது கைபேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் வருவதற்கு முன் தோட்டத்துக் கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்தது எப்படி, எருதுகளுக்கு என்ன பெயர், எந்தக் காட்டுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேளுங்கள். எதுவும் வேண்டாம் என்று சொல்லும் மனிதர், கேட்கும் ஆள் கிடைத்தால் இரவு பத்து மணி வரை பேசுவார். அந்தப் பதிவின் ஒரு படியை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பெருந்துறை எனக்குச் சொந்த ஊர், வேலை சிங்கப்பூரில். பொங்கலுக்கு வரும்போது பன்னிரண்டு வீடுகளுக்குச் சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் கொண்டு வருவது வழக்கம். இப்போது இவை எல்லாம் ஊரிலேயே கிடைக்கின்றன. வேறு என்ன கொண்டு வரலாம்?
(ஒரு வாசகர், சிங்கப்பூர்)

பதில்: முதலில் சாக்லேட்டைக் குறையுங்கள், சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் உங்கள் உறவிலும் இருப்பார்கள். அதற்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் கலந்த இனிப்பு கெடுதல் செய்யாது என்று நினைத்துவிடவும் கூடாது, அவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவையே. பரிசாக ஒன்று செய்யத்தான் வேண்டும் என்றால், சர்க்கரை உள்ள மாமாவையோ அத்தையையோ விடுமுறையில் ஒரு நாள் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் விழித்திரையைப் பரிசோதித்துக் கூட்டி வாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய அந்தப் பரிசோதனையை, அழைத்துப் போக ஆள் இல்லாமல் தள்ளிப் போடுபவர்களே அதிகம்.

விவசாயம் பார்க்கும் உறவினர்களுக்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் நல்ல விளக்கு கொண்டு வாருங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் போகிறவர்களுக்கு இரண்டு கைகளும் மண்வெட்டிக்கு வேண்டும், பாம்பு கிடக்கும் வரப்பில் வெளிச்சமும் வேண்டும். பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே பொருளைப் பிரித்துக் கொடுப்பதைவிட, நான்கு வீட்டில் உட்கார்ந்து ஒப்புட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவது மேல். மற்ற வீடுகளுக்கு அடுத்த முறை போகலாம்.

கேள்வி: எதை வாங்குவது என்று தெரியாதபோது உறையில் பணம் வைத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவா?
(ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: சிறுவர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லவே இல்லை. 501 ரூபாயோ 1001 ரூபாயோ, ஒற்றை ரூபாய் சேர்த்து, பெரியவர் கையால் கொடுத்தால் அது ஆசீர்வாதம். உங்களைவிட மூத்தவர்களுக்கும் வசதி மிகுந்தவர்களுக்கும் பணம் கொடுப்பதைத் தவிர்க்கலாம். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகக் கைபேசி வழியாக அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். குரல் இல்லாமல் வரும் தொகை வங்கிக் கணக்கில் ஒரு வரியாகவே நின்றுவிடும்.

கேள்வி: என் மைத்துனர் பெரிய வசதிக்காரர். அவருக்குப் பொருள் வாங்குவதற்குப் பதில், அவர் பெயரில் ஏதேனும் நற்பணிக்குப் பணம் செலுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். அவர் தவறாக எடுத்துக்கொள்வார் என்கிறார் என் மனைவி.
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: செலுத்திவிட்டுப் பிறகு ரசீதை நீட்டுவதாக இருந்தால், உங்கள் மனைவி சொல்வதே சரி. அவருக்குத் தொடர்பில்லாத ஓர் இடத்துக்கு அவரைக் கேட்காமல் கொடுத்தால், அது உங்கள் விருப்பத்துக்கு அவர் பெயரைப் பயன்படுத்தியதாக ஆகும். எண்ணம் நல்லது, வழியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அவர் வாழ்க்கையோடு ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். அவர் படித்த கிராமத்துப் பள்ளிக்கு என்ன தேவை என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். அவர் சிறுவயதில் போய் உட்கார்ந்த கிளை நூலகத்தில் 1000 ரூபாய் செலுத்தி அவரைப் புரவலராகச் சேர்க்கலாம். அவருடைய தாய் தந்தையின் நினைவு நாளில் குலதெய்வக் கோயிலில் அன்னதானத்துக்கு ஏற்பாடு செய்யலாம். எதுவானாலும் முன்கூட்டியே அவரிடம், “அக்காவும் நானும் உங்களுக்காக இதைச் செய்ய ஆசைப்படுகிறோம், எங்கே செய்தால் உங்களுக்குப் பிடிக்கும்?” என்று கேட்டுவிடுங்கள்.

அன்னதானத்தைத் தேர்ந்தெடுத்தால் நாளை முடிவு செய்யும் முன் கோயில் அலுவலகத்தில் பேசுங்கள், விடுமுறை நாள்களுக்குப் பலர் முன்பதிவு செய்திருப்பார்கள். அன்று காலையிலேயே மைத்துனரை உங்கள் வண்டியில் அழைத்துக்கொண்டு போய், பந்தியில் முதல் வரிசைக்குச் சோறு பரிமாறும் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் குழம்பு வாளியோடு அவருக்குப் பின்னால் போங்கள்.