தும்பை விதைக்கு 600 ரூபாயா?

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் பூ போதவில்லை. தும்பை, ஆவாரை, கிலுகிலுப்பை விதைகளைச் சேர்த்து அக்கம்பக்கத்துக்கும், ஏற்காடு நாகலூரில் இருக்கும் அக்காவுக்கும் கொடுக்க ஆசை. ஒருவர் 'நாட்டுப்பூ விதைக் கலவை' 100 கிராம் 600 ரூபாய் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கலவையில் ஒரு பிடியைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். ஊசி மாதிரி நீண்டு கறுப்பாக இருப்பது காஸ்மாஸ். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெளுத்த குஞ்சமுமாக இருப்பது செண்டுமல்லி. இரண்டும் மெக்சிகோ சரக்கு. 'நாட்டு' என்று எழுதிய பை மட்டும்தான் உள்ளூர். விதைப்பந்து விற்பவர்களும் இதே கூட்டம்தான். தும்பையின் பொடி விதையைக் களிமண்ணுக்குள் அமுக்கினால் முளை எப்படி வெளியே வரும்?

ஓசியில் கிடைக்கும் விதைக்கு இவ்வளவு கிராக்கி ஏன் என்கிறீர்களா? ரோட்டோரத் தும்பையை விதை முற்றும் முன்பே 'துப்புரவு' என்று செதுக்கிப் போடுகிறார்கள். அப்புறம் அதே இடத்தில் மரக்கன்று நட்டு போட்டோ எடுக்கிறார்கள். யாரிடம் போய்ச் சொல்ல?

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். வரப்பு, வேலியோரம் போதும். காப்புக்காட்டுக்குள் கை வைக்காதீர்கள். அனுமதி கேட்டு மேசை மேசையாக அலைவதற்குள் விதை உதிர்ந்துவிடும். தும்பையின் பூக்கொத்து பழுப்பாகிக் காய்ந்ததும் செய்தித்தாளில் கவிழ்த்துத் தட்டுங்கள். பாதிச் செடியை அப்படியே விட்டுவிடுங்கள். நிழலில் உலர்த்தி, காகித உறையில் ஊர், மாதம் எழுதிக் கொடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதை அதிர்த்து உதிர்த்து எடுப்பவை பெரிய கருவண்டுகள். உங்கள் பெட்டிக்குத் தும்பைதான் முதலில். ஆவாரையைப் பொங்கல் காப்புக்கட்டுக்குப் பறிக்கும்போது கொஞ்சம் கிளையைக் காய்க்க விடுங்கள். துளை விழுந்த விதையைத் தள்ளிவிட்டு, நல்லதை வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு விதையுங்கள். நாகலூருக்கு ஆவாரை வேண்டாம். வெயில் காட்டுச் செடி அது, காப்பித் தோட்ட நிழலில் பூக்காது. அக்காவை அங்கேயே விதை எடுக்கச் சொல்லுங்கள். கிலுகிலுப்பை நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் சேர்வராயன் மலையிலிருந்து மேற்கே கிளம்பும் நீலப்புலி வண்ணத்துப்பூச்சிகள் அதை மொய்க்கும்.

செங்காந்தளை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விதை பகிர்கிறீர்கள் என்று தெரிந்தால் பத்துப் பேர் கேட்பார்கள். கார்த்திகையில் பூக்கும் நம் மாநில மலர், நாட்டுச் செடி, எல்லாம் சரி. ஆனால் கிழங்கும் விதையும் கொல்லும் விஷம். அதிலுள்ள கோல்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காக மருந்து கம்பெனிகள் விதையைக் கிலோக் கணக்கில் வாங்குகின்றன. அதனால் ஏஜெண்டுகள் சுற்றுகிறார்கள். 'கிழங்கு தருகிறேன், விதையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்' என்று முன்பணம் கேட்பார்கள்; விளைந்தபின் ஆளைக் காணோம். காய் வெடித்தால் உள்ளே மாதுளை முத்துபோல் சிவந்த விதை. குழந்தை வாயில் போட்டுவிடும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் பொட்டலத்தில் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. ஏற்கெனவே கலந்திருந்தால் பொட்டலம் முழுவதையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

தும்பையை ஐப்பசி மழைக்குச் சற்று முன் மண்மேல் தூவுங்கள், மூட வேண்டாம்.