சிங்கராஜாக் காட்டுல உக்கின கட்டைக்குள்ள மஞ்சள் எறும்பு, இதுதான் இலங்கையில மட்டும் இருக்கிற அனியூரிட்டஸ் சைமோனையா?

கலரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அந்தக் காட்டுல மஞ்சள் எறும்பு நிறைய இருக்கு. முதல்ல இடுப்பைப் பாருங்க, லென்ஸ் இல்லாம சான்ஸே இல்ல. அனியூரிட்டஸுக்கு இடுப்புல ஒரே ஒரு முடிச்சுதான், அதுவும் முன்பக்கம் நீளமா காம்பு மாதிரி இழுத்துட்டு போய் கடைசில மேடாகும், அதுக்கு முன்னாடி நெஞ்சோட பின்பக்கத்துல நீட்டமா ரெண்டு முள்ளு பின்னால பாத்து நிக்கும். பெரிய தலை வேலைக்காரியும் சின்ன வேலைக்காரியும் ஒரே கூட்டுல இருக்கும், இதை வச்சு நிறைய பேர் ஃபைடோல்ங்கிற வேற எறும்பு வகைன்னு நினைச்சிடுவாங்க, ஆனா ஃபைடோலுக்கு இடுப்புல ரெண்டு முடிச்சு, அங்கயே மேட்டர் முடிஞ்சுது.

கொடுக்கும் இருக்கு. பாக்க டோலிகோடெரைன் எறும்புங்களுக்குச் சொந்தம் மாதிரி இருந்தாலும் அதுங்களுக்கு கொடுக்கு கிடையாது.

1893ல கார்லோ எமரிங்கிற இத்தாலியப் பூச்சி ஆய்வாளர் பேர் வச்சது. அனியூரிட்டினேங்கிற துணைக்குடும்பத்துல இன்னைக்கு உயிரோட இருக்கிறது இது ஒண்ணுதான், மத்த சொந்தமெல்லாம் பால்டிக் ஆம்பர் (கல்லா இறுகின பழைய மரப்பிசின்) மாதிரி ஃபாசில்லதான் கிடைக்குது (அதனாலதான் எறும்பு ஆளுங்க இதைக் கண்டா இவ்வளவு குதிக்கிறாங்க). 1950கள்ல எட்வர்ட் வில்சன்ங்கிற அமெரிக்க எறும்பு ஆய்வாளர் இரத்தினபுரி, கிலிமலைப் பக்கம் போய்த் தேடி கூடுகளைக் கண்டுபிடிச்சார்.

ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட லிஸ்ட்ல மிகவும் அழியும் நிலைன்னு போட்டிருக்கு, அதனால கட்டையை உடைச்சுப் போடாம பக்கவாட்டுல ஒரு க்ளோசப் எடுத்துப் போடுங்க, முடிச்சும் முள்ளும் தெரியணும்.