பயிரை எடுத்த பிறகு நூற்புழு எங்கே போகும்?

கேள்வி: அமெரிக்க சோயா வயல்களில் களையும் மூடுபயிரும் (அறுவடைக்குப் பின் மண்ணை மூடி வைக்க விதைப்பது) நூற்புழுவுக்கு, அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்புழுவுக்கு, இடம் கொடுக்கின்றன என்று படித்தேன். மதுரைப் பக்கம் தக்காளி, கத்தரி போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும். வாடிப்பட்டி பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. அங்கே பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு போகம் தக்காளி வெயில் ஏற ஏற வாடியது, தண்ணீர் விட்டும் தேறவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கிக் கிடந்தது. வேர்முடிச்சு நூற்புழு. சரி, தக்காளிக்கு ஒரு போகம் இடைவெளி விட்டு, தட்டைப்பயறு விதைத்து மடக்கி உழுவோம், மண்ணுக்கும் தழைச்சத்து சேரும் என்று முடிவு செய்தோம். ஒரு செடியைப் பிடுங்கிய அப்பா, "நல்லா முடிச்சு பிடிச்சிருக்குப்பா" என்றார். எனக்கும் சந்தோஷம். அடுத்துப் போட்ட தக்காளி முன்னதைவிட மோசமாகப் போனது.

தழைச்சத்து சேர்க்கிறதையும் வேர் முடிச்சு என்கிறோம், நூற்புழு உண்டாக்குவதையும் வேர் முடிச்சு என்கிறோம். நாங்கள் ஏமாந்தது அங்கேதான். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி போல ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு உதிராது. வேரே வீங்கியிருப்பதால், பிய்த்தால் வேரும் சேர்ந்துதான் வரும். ஒரு பெண் புழு 300 முதல் 500 முட்டை வரை இடும். நம் சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடியும். பயறு பூக்கிறவரை ஒன்றரை மாதம் விட்டால் அடுத்த தலைமுறையும் தொடங்கிவிடும்.

களை இன்னும் மோசம். வாய்க்கால் கரையில் சுக்கட்டிக் கீரை (மணத்தக்காளி) தானாக முளைத்து நிற்கும். அதுவும் தக்காளி, கத்தரி குடும்பம்தான். கீரைக்கு ஆகும் என்று அம்மா பிடுங்க விடமாட்டார். மேலே இலை பச்சைப்பசேல் என்று இருந்த செடியைத் தோண்டினேன், அடியில் அதே வீக்கம். குப்பைக்கீரையிலும் பார்த்தேன். சும்மா போட்ட நிலம் என்று நினைத்தோம், புழுவுக்குச் சாப்பாடு நிற்கவே இல்லை.

சோயாவைத் தாக்குவது வேறு வகை. அமெரிக்காவில் அதை முதலில் வட கரோலினாவில் 1954-ல் கண்டார்கள். செத்த பெண் புழுவின் உடலே முட்டைக் கூடாக இறுகி, பல வருஷம் மண்ணில் கிடக்கும். அறுவடைக்குப் பிறகு முளைக்கும் ஹென்பிட், ஊதா டெட்நெட்டில் போன்ற களைகளில் அது பெருகும். ரை போன்ற புல்வகை மூடுபயிரில் பெருகாது. நம் ஊர்ப் புழுவுக்கும் இப்படித்தான், எந்தச் செடி என்பதுதான் விஷயம்.

இப்போது தட்டைப்பயறுக்குப் பதில் சணப்பு விதைக்கிறோம். அதில் வேர்முடிச்சு நூற்புழு சரியாகப் பெருகாது. சித்திரை வெயிலில் ஆழ உழுது மண்ணைக் காயப் போடுகிறோம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. நாற்று வாங்கும்போது வேரைக் கழுவிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. சந்தேகம் இருந்தால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் வேரோடு செடியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

செண்டுமல்லியும் நல்லது, அதன் வேரில் உள்ள பொருள் இந்தப் புழுவுக்கு ஆகாது. ஆனால் நடுவில் களை நிற்கக் கூடாது. போன வருஷம் செண்டுமல்லிப் பாத்தியில் பூப்பறிக்கிற மும்முரத்தில் ஒரு மூலையை விட்டுவிட்டோம். அங்கே நின்ற சுக்கட்டியின் வேரில் மறுபடியும் அதே முடிச்சு.