மாத்திரை போடாத நாளில் மலம் வராதது மலச்சிக்கலா?

கேள்வி: எனக்கு வயது 38. தினமும் வயிறு சுத்தமாக வேண்டும் என்பதற்காகச் சில மாதங்களாக இரவில் பிஸகோடில் என்ற பேதி மாத்திரை போட்டுவருகிறேன். போடாவிட்டால் இரண்டு நாள்களுக்கு மலம் வருவதே இல்லை. குடல் மாத்திரைக்குப் பழகிவிட்டதா? எப்படி நிறுத்துவது?

பதில்: நாளுக்கு 3 முறை முதல் வாரத்துக்கு 3 முறை வரை மலம் கழிவது இயல்பே. எண்ணிக்கையைவிட, மலம் இறுகிக் கட்டிகட்டியாக வருகிறதா, நெடுநேரம் முக்க வேண்டியிருக்கிறதா, கழித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா என்பதே முக்கியம்.

பிஸகோடில் பெருங்குடலின் தசைகளைத் தூண்டி, ஒரு நாளில் வெளியேற வேண்டியதைவிட அதிகமான மலத்தை ஒரே தடவையில் வெளியேற்றிவிடக்கூடும். காலியான குடல் மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள்கள் ஆகலாம். அந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்து அடுத்த மாத்திரையைப் போடுவதால்தான் இது முடிவில்லாமல் தொடர்கிறது. குடல் கெட்டுவிட்டதாக இதை வைத்து முடிவுகட்ட வேண்டியதில்லை.

மாத்திரையை விடும்போது, நார்ச்சத்தை ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் கூட்டி நாளுக்கு 25 முதல் 30 கிராம்வரை கொண்டுவாருங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். நார்ச்சத்துக்காக இசப்கோல் எடுத்தால் ஒரு தம்ளர் நிறைய நீருடன் குடிப்பது கட்டாயம். (போதுமான நீர் குடிப்பவர் மேலும் குடம் குடமாகக் குடிப்பதால் பெரிய பலன் இல்லை.) உணவு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், காலை உணவுக்குப் பின் அரைமணி நேரத்துக்குள் கழிப்பறைக்குச் செல்லுங்கள். மேற்கத்தியக் கழிப்பறையானால் பாதங்களைச் சிறு முக்காலியில் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி அமர்ந்தால் மலவாயை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளரும். பத்து நிமிடங்களுக்கு மேல் கைபேசியுடன் அமர்ந்திருக்காதீர்கள். இவை போதாவிட்டால், மலத்தில் நீரைத் தக்கவைக்கும் லாக்டுலோஸ் போன்ற மருந்தை மருத்துவர் தரலாம். அது வேலை செய்ய ஓரிரு நாள்கள் ஆகும்.

இரும்புச்சத்து மாத்திரை, கோடீன் கலந்த வலி அல்லது இருமல் மருந்து, தைராய்டு குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம் என்பதால், நீங்கள் எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நார்ச்சத்தால் தொல்லை கூடினால், முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை இறுகுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதற்கு மருந்தைவிடத் தசைப்பயிற்சியே உதவும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த முயற்சிகளில் நாள்களைக் கடத்தாதீர்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, வாயுகூடப் பிரியாவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம்; அப்போது எந்தப் பேதி மருந்தும் எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.