மோட்டார் ஹோமை (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டியை) ஆற்றங்கரை முகாமில் தண்ணீரை ஒட்டியே நிறுத்தலாமா?

தண்ணீர் ஓரம் அழகுதான், ஆனால் நான் எப்போதும் கொஞ்சம் மேடான இடத்தைத்தான் கேட்டு வாங்குவேன். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், தொலைவில் மலையில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து ஆற்றில் வந்து சேரும். மேலே அணை இருந்தால் திறந்துவிடவும் கூடும். மரத்தடிகளில் சிக்கிக் கிடக்கும் சருகும் குச்சியும் முந்தைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று காட்டிவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே தங்கவே வேண்டாம்.

மண்ணையும் பாருங்கள். பல மோட்டார் ஹோம்கள் 3 டன்னுக்கும் மேல் எடை. ராத்திரி மழையில் புல்தரை இளகினால் சக்கரம் புதைந்துவிடும். வண்டியின் முன்பக்கம் வெளியேறும் பாதையைப் பார்த்து இருக்கட்டும்.

அப்புறம், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஆற்றில் விடாதீர்கள். சோப்பு மீன்களுக்குக் கெடுதல். கழிவுநீர்த் தொட்டியை முகாமில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் காலி செய்யுங்கள்.